உப்பில்லாச் சோறு தின்றவன் காதலித்த கதை

பேய்க் குலத்தில் பரம ஏழை ஜாம்பிதான். டிராகுலா ஒரு பிரபு. அவனுக்கு மலைமேல் கோட்டை உண்டு, சொல்லிக்கொள்ளப் பரம்பரைப் பெருமை உண்டு. பிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய பூதத்துக்குக்கூடப் பக்கம் பக்கமாகப் பேசி நியாயம் கேட்கத் தெரியும். ஜாம்பிக்கு வீடில்லை, பேச்சில்லை, பெயருமில்லை. பெண்கள் ரத்தக்காட்டேரியைக் காதலிக்கும் கதைகள் கோடிக்கணக்கில் விற்ற காலத்திலும் இந்த அழுகல் பிணத்தை யாரும் சீண்டவில்லை. உலகம் அழிந்த பிறகு ஒரு பிணத்துக்கும் ஒரு பெண்ணுக்கும் காதல் என்று ஐசக் மரியன் என்ற அமெரிக்க எழுத்தாளர் நாவல் வரிசையே எழுதியிருக்கிறார் என்றால், கேட்பவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வரும்.

ஆனால் ஜாம்பி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. காதல் அதற்கு அண்மையில் பூசிய சாயமல்ல. மனிதக் கறி தின்பதுதான் நடுவில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அதன் பிறந்த ஊர் ஹைத்தி. பிரெஞ்சுக்காரர்கள் சேன் தொமாங் என்ற பெயரில் அதை ஆண்டபோது, 1780களில் ஐரோப்பா தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய 40 விழுக்காடு அந்தச் சின்ன நிலத்திலிருந்துதான் போனது. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். கரும்பு வெட்டியும் ஆலை ஆட்டியும் சில ஆண்டுகளிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம். அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் சாவுதான். செத்தால் உயிர் கடல் தாண்டிச் சொந்த மண்ணுக்குப் போய்விடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் மறுபக்கம்தான் ஜாம்பி: செத்த பிறகும் விடுதலை கிடைக்காதவன், சவக்குழியிலிருந்து எழுப்பப்பட்டு மறுபடி தோட்டத்துக்கே ஓட்டிச் செல்லப்படுகிறவன். 1791இல் கிளர்ச்சி வெடித்து, 1804இல் நாடு விடுதலை பெற்றது. அந்த அச்சம் மட்டும் போகவில்லை. ஹைத்திக் குடியானவன் ஜாம்பியைக் கண்டு நடுங்கியதைவிட, தான் ஜாம்பியாகிவிடுவோமோ என்று நடுங்கியதுதான் அதிகம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட பெண்களுக்காகப் பாரதி பாடியதைப் படித்தவர்களுக்கு இந்த நடுக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

1915இல் அமெரிக்கப் படை ஹைத்தியில் இறங்கியது. 1934 வரை இருந்தது. ஊராரைக் கட்டாய வேலைக்குப் பிடித்துச் சாலை போட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே போன வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கப் பயண எழுத்தாளர், தான் கேட்ட கதைகளை 1929இல் ‘தி மேஜிக் ஐலண்ட்’ என்ற நூலில் எழுதினார். ஜாம்பி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது பெரும்பாலும் இந்தப் புத்தகத்தின் வழியாகத்தான்.

அதில் ஒரு கதை வருகிறது. 1918ஆம் ஆண்டு, கரும்பு அமோகமாக விளைந்திருக்கிறது. ஹாஸ்கோ என்ற அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனிக்கு ஆள் போதவில்லை. ஜோசப் என்ற கிழவன் கந்தல் கட்டிய ஒரு கூட்டத்தைக் கூட்டிவருகிறான். யாரிடமும் பேசாமல், வெறித்த கண்ணோடு, வெயிலில் மாடுபோல் உழைக்கிறார்கள். கூலி முழுவதும் ஜோசப் கைக்குப் போகிறது. அவன் மனைவி அவர்களுக்கு உப்பில்லாமல் சமைத்துப் போடுகிறாள். உப்பு நாக்கில் பட்டால் தான் யார் என்ற நினைவு ஜாம்பிக்குத் திரும்பிவிடுமாம். ஒரு திருநாளன்று அவள் இரக்கப்பட்டு அவர்களைப் பக்கத்து ஊருக்கு அழைத்துப்போய், வெல்லப்பாகில் செய்த மிட்டாய் வாங்கித் தருகிறாள். அதிலிருந்த கடலை உப்புப் போட்டு வறுத்தது. வாயில் வைத்ததும் அத்தனை பேரும் ஓலமிட்டு எழுகிறார்கள். தாங்கள் செத்தவர்கள் என்பது தெரிந்துவிடுகிறது. மலையிலிருக்கும் தங்கள் கிராமத்தை நோக்கி நடக்கிறார்கள். உறவினர்கள் அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நிற்காமல், இடுகாட்டில் தத்தம் குழியைப் பிறாண்டி, அங்கேயே பிணமாக விழுகிறார்கள்.

“சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிறே?” என்று நம் ஊரில் கேட்டால் அது சமையல் பற்றிய கேள்வியல்ல, சூடு சொரணை இருக்கிறதா என்ற கேள்வி. ஹைத்திக் கதையும் அதைத்தான் கேட்கிறது. அங்கே ஜாம்பி என்பவன் கொல்ல வேண்டிய எதிரியல்ல, மனமும் நினைவும் பறிக்கப்பட்ட கூலி. பறித்தவன் வேறொருவன். திருப்பித் தரவும் ஒரு வழி இருக்கிறது.

இந்தப் பிணம் திரைக்கு வந்ததும் கையோடு காதலையும் கூட்டிவந்தது. 1932இல் விக்டர் ஹால்பெரின் இயக்கிய ‘ஒயிட் ஜாம்பி’யைத்தான் முதல் முழுநீள ஜாம்பிப் படம் என்று சொல்கிறார்கள். மணமாகப்போகும் மேடலின் மீது ஹைத்தித் தோட்ட முதலாளி ஒருவனுக்கு ஆசை. ஆலையில் பிணங்களை வைத்து வேலை வாங்கும் சூனியக்காரனிடம் போகிறான். பெலா லுகோசி நடித்த அந்தச் சூனியக்காரன் அவளை ஜாம்பியாக்கித் தருகிறான். முதலாளி நினைத்தது நடந்துவிட்டது. அவள் எதிரே உட்கார்ந்து பியானோ வாசிக்கிறாள். ஆனால் கண்ணில் ஆளே இல்லை. பழையபடி மாற்றிக் கொடுத்துவிடு என்று அவனே கெஞ்ச வேண்டியதாகிறது. உடலைப் பிடித்துவைப்பதற்குப் பெயர் காதலல்ல என்பதை அந்த மலிவான படம் வசனமில்லாமலே சொல்லிவிட்டது. 1943இல் ழாக் டூர்னர் இயக்கிய ‘ஐ வாக்ட் வித் எ ஜாம்பி’, சார்லட் பிரான்ட்டியின் ‘ஜேன் அய்ர்’ நாவலைக் கரீபியத் தீவு ஒன்றின் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனது. நாவலின் பைத்தியக்கார மனைவிக்குப் பதில் படத்தில் நடமாடும் பிண மனைவி. அவளைக் கவனிக்க வந்த நர்ஸ் அவள் கணவனையே காதலிக்கிறாள்.

இந்த வழி அறுந்தது 1968இல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில். ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சுமார் 1,14,000 டாலரில் ‘நைட் ஆப் தி லிவிங் டெட்’ எடுத்தார்கள். ரிச்சர்ட் மாத்திசனின் ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவலில் உலகையே நிரப்பும் ரத்தக்காட்டேரிகள்தான் ரொமேரோவுக்குத் தூண்டுதல். படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது. இங்கே எழுப்பியவனும் இல்லை, எஜமானும் இல்லை, தோட்டமும் இல்லை. பிணங்கள் தாமாக எழுந்து மனிதர்களைத் தின்கின்றன. தலையில் சுட்டால்தான் விழும். பாசம் வைத்தவர்களுக்கு அந்தப் படத்தில் சாவு நிச்சயம். காதலனைத் தனியே விட மனமில்லாமல் ஓடிப்போய் வண்டியில் ஏறும் ஜூடி அவனோடு எரிந்துபோகிறாள். செத்த அண்ணன் பிணமாக வந்து தங்கையை இழுத்துப்போகிறான். மகள் தாயைக் குத்திக் கொல்கிறாள். அதன்பின் வந்த ஜாம்பிக் கதைகளின் சட்டமே இதுதான்: கடித்தது மனைவியாக இருந்தாலும் அவள் இனி மனைவியல்ல, யோசிக்காமல் சுடு.

அந்தச் சட்டம் உலகெங்கும் பரவ இன்னொரு காரணமும் உண்டு. படத்துக்கு முதலில் வைத்த பெயர் வேறு. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது. அறிவிப்பு இல்லாத படைப்புக்கு அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் காப்புரிமை இல்லை. படம் வெளியான அன்றே பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், நகலெடுக்கலாம், அதே பிணங்களை வைத்து வேறு படம் எடுக்கலாம். எஜமானில்லாத பிணத்தைப் படைத்தவர்களுக்கு அந்தப் பிணத்தின் மேலேயே உரிமை இல்லாமல் போனது.

ரொமேரோவே பின்னால் கொஞ்சம் இளகினார். 1985இல் வந்த ‘டே ஆப் தி டெட்’ படத்தில் பப் என்றொரு பிணம் சவரக்கத்தியையும் தொலைபேசியையும் தடவிப் பார்க்கிறது, பீத்தோவன் இசையைக் கேட்டு அசந்துபோகிறது, தன்னைப் பழக்கிய மருத்துவர் செத்துக் கிடப்பதைப் பார்த்துத் துடிக்கிறது. உள்ளே யாரோ இருக்கிறார் என்ற சந்தேகம் அங்கே மறுபடி தொடங்கியது. 2004இல் ‘ஷான் ஆப் தி டெட்’ ஜாம்பிகளுக்கு நடுவே ஒரு காதல் நகைச்சுவையை ஓட்டியது. 2009இல் சேத் கிரஹாம்-ஸ்மித், ஜேன் ஆஸ்டினின் நாவலுக்குள் ஜாம்பிகளைப் புகுத்தி, அட்டையில் ஆஸ்டின் பெயரையும் சேர்த்தே போட்டார். இவற்றில் எல்லாம் காதலிப்பது மனிதர்கள்தான். பிணம் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

வேலியைத் தாண்டவைத்தவர் ஐசக் மரியன். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் 1981இல் பிறந்தவர், கல்லூரிப் படிப்பில்லை. சாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குக் கட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் பார்த்த வேலைகளில் ஒன்று. காதல் நிரம்பிய ஒரு ஜாம்பி தன் கதையைத் தானே சொல்வதுபோல ஒரு சிறுகதை எழுதி, தன் இணையதளத்தில் போட்டார். அது கோரி ஸ்டெர்ன் என்ற திரைப்படத் தயாரிப்பாளர் கண்ணில் பட்டது. இதை நாவலாக்கு என்று அவர் தூண்டினார். 2010இல் ‘வார்ம் பாடீஸ்’ பிரிட்டனில் வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் ஏட்ரியா பதிப்பகம் வெளியிட்டது. ‘ட்வைலைட்’ எழுதிய ஸ்டெபனி மேயர் மனமாரப் பாராட்டினார்.

நாயகனுக்குத் தன் பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் நினைவிருக்கிறது: ஆர். கைவிடப்பட்ட விமான நிலையத்தில் நிற்கும் 747 விமானம்தான் அவன் வீடு. அதற்குள் பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்துவைத்து சினாட்ரா கேட்கிறான். வாயைத் திறந்தால் முனகலும் ஓரிரு அசைகளும்தான். மனசுக்குள்ளோ அருவிபோல் பேசுகிறான். நாவலின் பலமே இந்த இடைவெளிதான். பிணத்தைத் தன்மையில் பேசவிட்டதும் ரொமேரோவின் சட்டம் ஆட்டம் கண்டுவிடுகிறது. இத்தனை யோசிப்பவனைத் தலையில் எப்படிச் சுடுவது?

ஆனால் மரியன் அவனை யோக்கியனாக்கிவிடவில்லை. இரை தேடிப் போன இடத்தில் பெர்ரி என்ற இளைஞனைக் கொன்று அவன் மூளையை ஆர் தின்கிறான். தின்றதும் பெர்ரியின் நினைவுகள் இவனுக்குள் ஓடுகின்றன. அதில் பெர்ரியின் காதலி ஜூலியும் இருக்கிறாள். எதிரே நிற்கும் அதே ஜூலியைத் தன் கூட்டத்திடமிருந்து காப்பாற்றி விமானத்துக்குக் கூட்டிவருகிறான். அவள் காதலனைக் கொன்றவன், அவள்மீது வைக்கும் பிரியத்தையே அந்தக் கொலையிலிருந்து எடுத்துக்கொள்கிறான். இது காதலா, திருட்டா? இதை எப்போது அவளிடம் சொல்வான் என்ற உறுத்தல் கதைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆர்–ரோமியோ, ஜூலி–ஜூலியட், பெர்ரி–பாரிஸ் என்று ஷேக்ஸ்பியர் தெரிகிறார். பால்கனிக் காட்சிகூட உண்டு. ஆனால் ரோமியோவுக்கு இந்த உறுத்தல் கிடையாது.

பின்னால் இது திரைப்படமானபோது விட்டுவிட்ட ஒரு பகுதி நாவலில் உண்டு. பிணங்களை மேய்க்கும் எலும்புக்கூட்டுப் பெரியவர்கள் ஆருக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைத்து, இரண்டு பிள்ளைகளையும் ஒப்படைக்கிறார்கள். பெயர் தெரியாத மனைவி, பெறாத பிள்ளைகள், சடங்கு மட்டும் குறைவில்லாமல். பிணங்களுக்கும் சம்பிரதாயம் உண்டு, இல்லாதது விருப்பம்தான். ஆர் குணமாகி மறுபடி மனிதனாவது முத்தத்தால் என்பதைவிட, தானாக ஒன்றை விரும்பியதால் என்பதே பொருத்தம். சீபுரூக்கின் கதையில் உப்பு செய்த வேலையை இங்கே விருப்பம் செய்கிறது. ஒரு வித்தியாசம்: உப்பு அவர்களைக் குழிக்கு அனுப்பியது, விருப்பம் இவனை வாழ அனுப்புகிறது.

2013இல் ஜொனாதன் லெவின் இதைப் படமாக்கினார். மாண்ட்ரியலில் எடுத்தார்கள், நிக்கோலஸ் ஹோல்ட் ஆராகவும் தெரசா பால்மர் ஜூலியாகவும் நடித்தார்கள். சுமார் மூன்றரைக் கோடி டாலர் செலவு, 11 கோடிக்கு மேல் வரவு. படத்தில் ஜூலியின் அப்பா ஜெனரல் கடைசியில் மனம் மாறி எல்லாம் சுபமாகிறது. நாவல் அவருக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் லாபம். மரியன் நிறுத்தவில்லை. ‘தி நியூ ஹங்கர்’ என்ற குறுநாவலில் கதையைப் பல ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோனார்: பன்னிரண்டு வயது ஜூலி, பெற்றோர் கைவிட்டுப்போன பதினாறு வயது நோராவும் அவள் தம்பியும், அப்போதுதான் செத்துக் கண்விழித்த ஆர். பிறகு 2017இல் ‘தி பர்னிங் வேர்ல்ட்’, 2018இல் ‘தி லிவிங்’. கடைசிப் புத்தகத்தின் அட்டையில் ஏட்ரியாவின் பெயர் இல்லை. ஜோலா புக்ஸ் வெளியிட்டது. முதல் புத்தகத்தின் சிரிப்பும் இவற்றில் குறைவு. குணமாதல் மெதுவாக நடக்கிறது, விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. ஆக்ஸியம் என்ற கம்பெனி உயிருள்ளவர்களையும் செத்தவர்களையும் தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. எஜமான் மறுபடி வந்துவிட்டான், இந்த முறை சூனியம் இல்லாமல். ஆருக்கோ, சாவதற்கு முன் தான் யாராக இருந்தோம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக நினைவுக்கு வருகிறது. அந்த ஆளை அவனுக்கே பிடிக்கவில்லை.

முத்தத்துக்காகப் படித்தவர்கள் இங்கே சலித்துக்கொள்வார்கள், தொடர் நீள்கிறது என்று. இரண்டாவதாகக் குறுநாவலைப் படித்துவிட்டுப் போனால் அந்தச் சலிப்பு பாதி குறையும்; நோராவின் தம்பியை அங்கே சந்திக்காதவர்களுக்குக் கடைசி இரண்டு புத்தகங்களின் கனம் புரியாது. முதல் நாவல் ஒருவன் விழிப்பதைச் சொல்கிறது. அடுத்தவை, விழித்தவன் தான் தின்றவர்களுக்கு என்ன பதில் சொல்வான் என்று கேட்கின்றன. ஒருவரைக் காதலித்துவிட்டதால் மட்டும் பழைய கணக்கு தீராது என்று சொல்லும் துணிச்சல் காதல் தொடர்களில் அபூர்வம். அதற்காகவே இந்த நான்கையும் கடைசிவரை படிக்கலாம்.