அரங்கும் அரங்கிற்கு வெளியே நின்றோரும்

இசைக்குச் சாதியில்லை, எல்லையில்லை என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். பேச்சு இனியதே. ஆயினும் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு வேறொரு செய்தி கிட்டுகிறது. இசைக்கு எல்லை இல்லாதிருக்கலாம், இசையரங்கிற்கு எல்லையுண்டு. அவ்வரங்கில் யார் அமர்வது, எம்மொழியில் பாடுவது, யார் வெளியே நிற்பது என்பனவற்றை இசை முடிவு செய்யவில்லை. செல்வமும் செல்வாக்கும் பிறப்புமே முடிவு செய்தன. கருநாடக இசையின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்விசையின் தாயகமாக விளங்கியது தஞ்சை. அரண்மனையும் கோயிலும் கலைஞரைப் பேணின. 1855ஆம் ஆண்டில் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். கிழக்கிந்தியக் கும்பினி தஞ்சை அரசைத் தன்வயமாக்கிக்கொண்டது. புரவலரை இழந்த கலைஞர் பலர் நாளடைவில் சென்னையை நாடினர். அங்கே புதிய புரவலர்கள் இருந்தனர். அவர்கள் ஆங்கிலம் கற்ற வழக்கறிஞரும் அரசு அலுவலரும் வணிகருமாவர். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் சபாக்கள் தோன்றின. நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்து கேட்கும் கச்சேரி வேரூன்றியது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. இசையாராய்ச்சிக்கு அந்நிறுவனம் ஆற்றிய தொண்டு பெரிது. அதனை மறுப்பார் இலர். எனினும், எது தூய இசை, எது அரங்கிற்கு உகந்தது என்று வரையறுக்கும் உரிமை, கல்வியாலும் பதவியாலும் உயர்ந்து நின்ற, பெரும்பாலும் பிராமண சமூகத்தைச் சேர்ந்த ஒரு சிறு வட்டத்தாரிடம் சென்று சேர்ந்ததும் இக்காலத்திலேதான்.

இக்கலையை வழிவழியாகக் காத்து வந்தவர்களுள் இசை வேளாளர் குடும்பங்களுக்குப் பெரும் பங்குண்டு. அக்குடும்பத்துப் பெண்களும் நாகசுர, தவில் கலைஞர்களும் புதிய அரங்கில் தமக்குரிய இடத்தை எளிதாகப் பெறவில்லை. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் பாழ்பட்டுக் கிடந்த தியாகராசர் சமாதியைத் தம் பொருளைச் செலவிட்டு 1920களில் கோயிலாக எழுப்பினார். கோயில் கட்டிய அவ்வம்மையார்க்கு ஆராதனை விழாவில் பாட உரிமையில்லை; பெண்கள் அங்குப் பாடலாகாது என்றனர் விழா நடத்தியோர். அவர் சோர்ந்துவிடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே விழா எடுத்தார். 1940ஐ ஒட்டியே பிரிந்திருந்த அணிகள் ஒன்றாயின. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை முதன்முதலில் ஒரு பெண்மணி பெற்றது 1968இல், அவர் எம். எஸ். சுப்புலட்சுமி. அகாடமி தோன்றி நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரே அது நிகழ்ந்தது.

நாகசுரத்தின் நிலையும் இத்தகையதே. ஊர்வலத்திலும் கோயில் முற்றத்திலும் நின்றுகொண்டே வாசிக்க வேண்டியவராகக் கருதப்பட்டனர் நாகசுரக் கலைஞர்கள். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை அவ்வழக்கத்தைத் தகர்த்து, பாடகரைப் போலவே மேடையில் அமர்ந்து வாசித்தார். அவர் செருக்குடையவர் என்று அந்நாளில் தூற்றியோர் உண்டு. சமமாக அமர விரும்புவோனைச் செருக்கன் என்பது உலக இயல்பு போலும்!

மொழிக்கும் இதே கதைதான். கச்சேரியில் தெலுங்கு, வடமொழி உருப்படிகளே தலைமையிடம் பெற்றன. தமிழ்ப் பாடல்கள் இறுதியில் துக்கடாவாக வந்து போயின. இந்நிலையை மாற்ற எழுந்ததே தமிழிசை இயக்கம். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. அரசர் அண்ணாமலைச் செட்டியார் பொருளாலும் முயற்சியாலும் துணைநின்றார். கல்கி எழுத்தால் துணைநின்றார். மொழியை முன்னிறுத்தினால் இசையின் தரம் குன்றும் என்பது எதிர்த்தோர் வாதம். தம் மொழியில் பாடுமாறு மக்கள் கேட்டது அரசியலாயிற்று. கேளாதிருந்த வரையில் நிலவியது தூய கலையாயிற்று!

இங்கே நாம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மொழிக்காக வாதாட ஓர் அரசர் இருந்தார். நாகசுரத்தின் பெருமையை நிலைநாட்ட ஒரு மாமேதை பிறந்தார். பெண்களுக்காகப் போராட நெஞ்சுரம் மிக்க ஓர் அம்மையார் வாய்த்தார். எத்துணையும் இல்லாதார் நிலை என்ன?

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். அது பலா மரத்தைக் குடைந்து, மாடு, ஆடு, எருமை ஆகிய விலங்குகளின் தோலைக் கொண்டு செய்யப்படுவது. மேடையில் அது தெய்வ வாத்தியம். தொட்டு வணங்கிய பின்னரே வாசிப்பர். அத்தோல் எங்கிருந்து வருகிறது? இறைச்சிக் கூடத்திற்குச் சென்று ஏற்ற தோலைத் தேர்ந்தெடுத்து, ஊனும் மயிரும் நீக்கி, வெயிலில் உலர்த்தி, தடிப்பறிந்து வெட்டி, வார் பிடித்து இறுக்குபவர் ஒருவர் உண்டு. வலந்தலையின் நடுவே, சோற்றோடு கல்தூளைச் சேர்த்து அரைத்த கருஞ்சாந்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து ஏற்றுபவரும் அவரே. சுருதி பேசுவது அச்சாந்தினால்தான். கணக்கைக் கையில் கொண்ட வித்துவான் எத்துணைப் பெரியவராயினும், இவருடைய செவியும் கையும் இல்லையேல் அவர் வாத்தியம் வெறுங்கட்டையே.

இத்தொழில் செய்வோருள் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களுள் கிறித்தவம் தழுவிய குடும்பங்கள் பல. பாலக்காடு மணி ஐயரின் பெயரை அறியாத இசையன்பர் இல்லை. அவர் மனத்தில் ஒலித்த நாதத்தைத் தோலில் வரவழைக்கத் தஞ்சையில் அவருக்காக உழைத்தவர் பர்லாந்து என்பார். செபஸ்தியான் வழிவந்த அக்குடும்பத்தின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? இக்கைவினைஞர்களின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா தேடித் தொகுத்து, ‘செபஸ்தியான் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூலாக 2020இல் வெளியிட்டார். வெளியீட்டு விழாவிற்கு அரங்கம் தர முதலில் இசைந்த கலாக்ஷேத்ரா, நூலில் அரசியல் சாயல் உள்ளது எனக் கருதி அவ்விசைவைத் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. வாத்தியத்திற்கு அரங்கில் இடமுண்டு. அதைச் செய்தவர் வரலாற்றுக்கு இடமில்லை! 2024இல் மியூசிக் அகாடமி இதே பாடகர்க்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்தபோது, அவர் கருத்துகளை ஏற்காத கலைஞர் சிலர் அவ்வாண்டு விழாவில் பங்கேற்க மறுத்தனர். அகாடமியோ தன் முடிவில் உறுதியாக நின்றது. சுவர்கள் அசையவே அசையா என்பதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இவையெல்லாம் கடல் கடந்த சென்னையின் செய்திகள், நமக்கென்ன என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நானே ஒதுங்க முடியாதவன். சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில், தோட்டத்துக் கோயிலில் உறுமி வாசிப்பவரின் மகன் ஒருவன் தன் நண்பரோடு சிறப்பு விருந்தினரை வாயிலில் உறுமி முழக்கி வரவேற்றான். மேடையிலோ, கட்டணம் செலுத்திப் பயின்ற வேறொரு மாணவனின் மிருதங்கம் இடம்பெற்றது. வரவேற்பு முடிந்ததும் அச்சிறுவன் என்னிடம் வந்து, “ஐயா, நாங்களும் மேடையில வாசிக்கலாமா?” என்று கேட்டான். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது தம்பி என்று நான் சொன்னேன். அது பொய்யன்று. ஆனால் அந்நிரலை எழுதியவன் நான். உறுமியை வாயிலில் வை, மிருதங்கத்தை மேடையில் வை என்று எனக்கு எவரும் ஆணையிடவில்லை. அப்படி வைப்பதே முறை என்று என் மனம் என்னைக் கேளாமலே முடிவு செய்திருந்தது. செபஸ்தியான் குடும்பத்தாரின் கதையை அறிந்த அன்றுதான் அச்சிறுவனின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

அடுத்த விழாவில் உறுமிக்கு மேடையில் இடம் தந்தேன். அதற்குள் அவன் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டான்.

கலையில் அரசியலைக் கலக்கலாகாது என்போர்க்கு நான் கூற விழைவது ஒன்றே. நிகழ்ச்சி நிரல் எழுதப்படும்போதே அரசியல் கலந்துவிடுகிறது. அதைச் சுட்டிக்காட்டுவோன் அதனைக் கலந்தவன் அல்லன். ஆசிரியர்களாகிய நாம் பெரும்புரட்சி எதனையும் செய்ய வேண்டியதில்லை. மிருதங்கம் வாசித்தவர் பெயரைச் சொல்லும்போது, அதைச் செய்தவர் பெயரையும் மாணவர்க்குச் சொல்லித் தருவோம். நிரல் அச்சேறுவதற்கு முன், வாயிலில் நிற்பவர் யார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்.