எழுத்துத் தடுப்புக் கால்

நினைவகச் சிப்பில் பதிந்திருப்பதை மாற்றி எழுத முடியாமல் மின்னழுத்தத்தால் பூட்டும் காலுக்கு எழுத்துத் தடுப்புக் கால் என்று பெயர். சர்க்யூட் படங்களில் 'டபிள்யூபி' என்று குறித்திருக்கும். மென்பொருள் போட்ட பூட்டை இன்னொரு மென்பொருள் திறந்துவிடும். இந்தக் காலைப் பூட்டும் நிலையிலேயே போர்டில் நிலையாக இணைத்துவிட்டால் அந்தப் பூட்டை எந்த மென்பொருளாலும் அசைக்க முடியாது.

256 பைட் கொள்ளும் 24சி02 வகை ஈஈப்ராமில் இந்தக் கால் உயர்நிலையில் இருந்தால் பூட்டு, தாழ்நிலையில் இருந்தால் திறப்பு. போர்டில் அது மென்பொருள் இயக்கக்கூடிய ஒரு ஜிபிஐஓ காலோடு இணைந்திருந்தால், இத்தகைய நினைவகங்களைக் கையாளும் லினக்ஸின் என்விமெம் அடுக்கு எழுதும் முன் அதைத் தாழ்த்தி, எழுதி முடித்ததும் உயர்த்திவிடுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பூட்டிய சிப்புக்குத் தரவு அனுப்பினால், எஸ்டி நிறுவனத்தின் எம்24 வரிசைச் சிப் தரவு பைட்டை ஏற்க மறுத்துக் காட்டிக்கொடுக்கும். மைக்ரோசிப்பின் 24எல்சி வகையோ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எதையும் எழுதாது. டிரைவரும் வெற்றி என்றே சொல்லும். திரும்பப் படித்து ஒப்பிடுவது ஒன்றே நம்பத் தகுந்த சோதனை.

எஸ்பிஐ ஃபிளாஷில் தர்க்கம் தலைகீழ்: கால் தாழ்ந்தால்தான் பூட்டு. அதுவும் தரவை நேரடியாகப் பூட்டுவதில்லை. எந்தப் பகுதி காக்கப்பட வேண்டும் என்பதை நிலைப் பதிவேட்டின் பிபி பிட்டுகள் சொல்கின்றன; எஸ்ஆர்டபிள்யூடி பிட் 1 ஆகவும் கால் தாழ்ந்தும் இருந்தால் அந்தப் பதிவேடே உறைந்துவிடும். நான்கு தரவுக் கம்பிகளில் இயங்கும் குவாட் முறையில் இதே கால் தரவுக் கம்பியாகிவிடுவதால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

போர்டை வடிவமைத்தவர் எஸ்பிஐ ஃபிளாஷின் இந்தக் காலைத் தரையோடு இணைத்துவிட்டிருந்தால் நிலைமை மோசம். டிரைவர் எஸ்ஆர்டபிள்யூடி பிட்டை ஒருமுறை 1 ஆக்கினால் போதும். காலை உயர்த்த வழியில்லாததால் பதிவேடு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். இத்தகைய போர்டுகளுக்காகவே, வன்பொருளை லினக்ஸுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் 'நோ-டபிள்யூபி' என்ற குறிப்பு உண்டு. அதைக் கண்டால் லினக்ஸ் அந்த பிட்டைத் தொடாது.

டிரைவரின் கை தவறினால் என்ன ஆகும் என்பதை உபுண்டு 17.10 காட்டியது. அதில் இயக்கப்பட்டிருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவரால் சில லெனோவோ மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் போனது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10-இன் பதிவிறக்கம் நிறுத்தப்பட்டது; திருத்திய பதிப்பு 2018 ஜனவரியில் வந்தது.