விடுதி மூடிய நாள்: பெருந்தொற்றுக் காலத்தில் ஹைதராபாத்தின் இளநிலை மாணவர்கள்

2020 மார்ச் 25, நாடு தழுவிய ஊரடங்கின் முதல் நாள். ஹைதராபாத்தின் அமீர்பேட்டையிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் தனியார் விடுதிக்காரர்கள் தங்களிடம் தங்கியிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். காவல் நிலைய வாசல்களில் அனுமதிச் சீட்டுக்காக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு கார்களிலும் பைக்குகளிலும் ஆந்திர எல்லைக்குப் போனவர்கள் அப்போதைய கிருஷ்ணா மாவட்டத்துக் கரிகபாடு சோதனைச் சாவடியில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். விடுதிகளை மூடக் கூடாது என்று தெலங்கானா அரசு அன்றே உத்தரவிட்டது. அதற்குள் பலர் தெருவுக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

பெருந்தொற்றுக் காலக் கல்வியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் திரையைச் சுற்றியே நடந்தது: இணையவழி வகுப்பு பயன் தந்ததா, சிக்னல் கிடைத்ததா, எத்தனை பேரிடம் கைபேசி இருந்தது என்பன போன்ற கேள்விகள். அவை தேவையானவைதான். ஆனால் ஹைதராபாத்தின் இளநிலை மாணவர்கள் எதை இழந்தார்கள் என்பதற்கு அவற்றில் முழு விடை இல்லை. மாவட்டங்களிலிருந்து இந்நகரத்துக்கு வந்து படிப்பவருக்குக் கல்லூரியின் பாதி வகுப்பறை என்றால், மறுபாதி விடுதி. படிப்பும் மனநலமும் ஒருசேரக் குலைந்ததற்கு விடுதி மூடப்பட்டதே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்நகரத்தின் உயர்கல்வி வரலாறு விடுதிகளின் வரலாறாகவும் இருந்திருக்கிறது. உஸ்மானியா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 1918இல். இன்ஃப்ளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன ஆண்டும் அதுதான். பின்னாளில் நகரக் கோத்வால் (காவல்துறைத் தலைவர்) ஆன ராஜா பகதூர் வெங்கடராம ரெட்டியின் முயற்சியால் ரெட்டி ஹாஸ்டல் தோன்றியதும் அதே 1918இல். தெலங்கானாவின் கிராமத்துப் பையன்கள் நகரத்துக் கல்வியை எட்டிப்பிடிக்க அப்படிப்பட்ட விடுதிகளே வழிசெய்தன. 1938இல் வந்தே மாதரம் பாடியதற்காக உஸ்மானியா விடுதி மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே போராட்டத்தில் கலந்துகொண்ட பி.வி. நரசிம்ம ராவ் நாக்பூருக்குப் போய்த்தான் படிப்பைத் தொடர முடிந்தது. 1969இலும் 2009இலும் தனித் தெலங்கானாப் போராட்டங்கள் இவ்விடுதிகளிலிருந்து வலுப்பெற்றன. மாணவர்களை வெளியேற்ற வேண்டுமென்று நினைத்த ஆட்சிகள் முதலில் விடுதியைக் குறிவைத்ததில் வியப்பில்லை. பெருந்தொற்று அரசியல் நோக்கம் ஏதுமில்லாமலேயே அதைச் செய்துவிட்டது.

தெலங்கானாவின் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 2 அன்று கண்டறியப்பட்டார். துபாய் சென்று பெங்களூரு வழியாகத் திரும்பிய அந்த மென்பொருள் பொறியாளருக்குச் செகந்திராபாத் காந்தி மருத்துவமனையில் சிகிச்சை தரப்பட்டது. மார்ச் 14 அன்று கல்வி நிறுவனங்களை மாத இறுதிவரை மூடும் அறிவிப்பு வந்தது. இரண்டு வாரம்தானே என்று புத்தகங்களை அறையிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள் உண்டு. மாதங்கள் ஓடின.

அந்த மாதங்களில் வீடுகளில் என்ன நிலைமை என்பதை ஓரளவு காட்டும் ஆவணம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் 2020இல் தன் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு. பேராசிரியர் வினோத் பவராலா தலைமையிலான பணிக்குழு சுமார் 2,500 பேரிடம் கருத்துக் கேட்டது. அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் கைபேசி இருந்தது. இணைய வகுப்பில் கலந்துகொள்ள முடியும் என்று உறுதியாகச் சொன்னவர்களோ 37 விழுக்காட்டினர் மட்டுமே. 18 விழுக்காட்டினருக்கு இணையமே எட்டவில்லை. நிலையற்ற இணைப்பு, டேட்டாவுக்கு ஆகும் செலவு, அடிக்கடி போகும் மின்சாரம் ஆகியவை மாணவர்கள் சொன்ன பிற தடைகள். இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர்கள் என எல்லாரும் இந்த எண்ணிக்கையில் அடங்குவதால் இதை அப்படியே இளநிலைக்குப் பொருத்திவிட முடியாது. நகரத்தின் சாதாரணப் பட்டக் கல்லூரிகளில் நிலைமை இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று நம்பவும் எனக்குக் காரணம் தெரியவில்லை. 2017-18இன் தேசிய மாதிரி ஆய்வுப்படி, இந்தியக் குடும்பங்களில் கணினி இருந்தவை 10.7 விழுக்காடு. கிராமங்களில் 4.4 விழுக்காடுதான்.

90க்கும் 37க்கும் நடுவில் விழுந்த பள்ளத்தை ஆழமாகப் பார்க்க வேண்டும். கையில் கருவி இருந்தும் வகுப்பு கைகூடவில்லை. விடுதியில் இருந்தவரை மின்சாரம், மேசை, நூலகம், இணையம், வேளைக்குச் சோறு, சந்தேகம் கேட்கப் பக்கத்து அறை நண்பன் என எல்லாம் ஒரே கூரையின் கீழ், பெரும்பாலும் அரசின் உதவித்தொகையில் கிடைத்தன. ஊருக்குப் போனதும் இவை ஒவ்வொன்றையும் குடும்பம் தனித்தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று, அதுவும் வருமானம் நின்றுபோன வேளையில். வறுமையிலிருந்த மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகம் டேட்டாவுக்கென மாதம் 1,000 ரூபாய் தர முன்வந்தது. தமிழ்நாட்டு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா தந்ததை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் டேட்டா கார்டு உட்கார்ந்து படிக்க ஓர் இடத்தைத் தராது.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். தெலங்கானாவில் பருத்தி எடுப்பு அக்டோபரில் சூடுபிடிக்கும். அதில் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. 2020இல் இணைய வகுப்புகள் நடந்ததும் அதே மாதங்களில்தான். விடுதியில் மாணவியாக மட்டும் இருந்த ஒருத்தி வீட்டில் மகளாக, அக்காவாக, கூலியாளாக மாறிவிடுகிறாள். இதற்கு நடுவிலும் சமூகநல உறைவிடக் கல்வி நிறுவனங்களின் மாணவிகள் தங்கள் கிராமங்களில் கற்றல் வட்டங்கள் அமைத்துச் சிறுவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். இந்தக் காலத்தைப் பற்றி நான் அறிந்தவற்றில் மனத்துக்கு மிக நெருக்கமானது அதுதான். கற்பிக்கும்போது கற்பவர் தானும் கற்கிறார் என்பதைவிட, தனக்கென ஒரு கூட்டம் இருப்பதை உணர்கிறார் என்பது முக்கியம்.

தேர்வு விவகாரத்தில் குழப்பம் நீண்டது. இறுதிப் பருவத் தேர்வைச் செப்டம்பர் இறுதிக்குள் நடத்த வேண்டுமென 2020 ஜூலை 6 அன்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 28 அன்று அதை உறுதிசெய்தது. தேர்வு எழுத நகரத்துக்கு வர வேண்டும். வந்தால் தங்க இடம் வேண்டும். போதாக்குறைக்கு அக்டோபர் 13, 14 தேதிகளில் ஹைதராபாத்தைப் பெருமழை மூழ்கடிக்க, நடந்துகொண்டிருந்த தேர்வுகளும் தள்ளிப்போயின.

நவம்பர் தொடக்கத்தில், ஹைதராபாத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து தில்லிக்குப் படிக்கப் போய், ஊரடங்கில் வீடு திரும்பியிருந்த மாணவி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவித்தொகை வந்துசேரவில்லை, மடிக்கணினி இல்லை என்பவை செய்திகளில் பரவலாகப் பேசப்பட்டன. முதலாண்டினருக்கு மட்டுமே விடுதி என்ற விதியால் இரண்டாம் ஆண்டில் அவர் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்வது தவறு. ஆனாலும் ஏழை மாணவியின் கணக்கில் விடுதி அறை எத்தனை பெரியது என்பதை அந்த விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

மனநல உதவி என்று அக்காலத்தில் கிடைத்தது பெரும்பாலும் தொலைபேசி வழியே. மத்திய அரசு 2020 ஜூலையில் மனோதர்ப்பண் திட்டத்தைத் தொடங்கியது. செகந்திராபாத்தின் ரோஷ்ணி அமைப்பு அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மனம் தளர்ந்தவர்களின் அழைப்புகளைக் கேட்டுவந்தது. 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் 2022 அக்டோபரில்தான் வந்தது. இவற்றின் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒற்றை அறை வீட்டில், அப்பாவும் அம்மாவும் தம்பியும் பக்கத்திலிருக்க, குடும்பத்துக்கே பொதுவான கைபேசியில் ஒரு பெண் தன் மனத்தில் உள்ளதை யாரிடம் எப்படிச் சொல்வாள்? விடுதியில் சாப்பிட வராதவளை உடன் தங்கியிருப்பவள் கவனித்துவிடுவாள். அந்தக் கவனிப்புக்குத் திட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. அதனாலேயே அது நின்றுபோனதை எந்த அறிக்கையும் பதியவில்லை.

2021 பிப்ரவரி 1 அன்று கல்லூரிகள் திறந்தன. மார்ச் 24இல் மீண்டும் மூடின. இரண்டாம் அலையில் மே 12 முதல் ஜூன் வரை மாநில ஊரடங்கு. செப்டம்பர் 1 அன்று வகுப்பறைகள் மறுபடி திறந்தபோது, உறைவிடக் கல்வி நிறுவனங்களைத் திறக்க உயர் நீதிமன்றம் முந்தைய நாளே தடை விதித்திருந்தது. அக்டோபரில்தான் அது நீங்கியது. தொற்றின் அச்சத்தில் அந்த எச்சரிக்கை நியாயமானதே. ஆனாலும் அதன் விளைவு ஏற்றத்தாழ்வானது: நகரத்தில் வீடு உள்ளவர் வகுப்புக்குத் திரும்பினார், உறைவிடத்தை நம்பியவர் காத்திருந்தார். ஒமைக்ரான் வந்ததும் 2022 ஜனவரியில் இன்னொரு முறை மூடல். பிப்ரவரி 1 அன்று மீண்டும் திறப்பு.

வழக்கமான வரலாறு இந்தத் தேதியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் 2021 டிசம்பரில் வெளியான இன்டர்மீடியட் முதலாண்டு முடிவுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. நம் பிளஸ் ஒன்னுக்கு நிகரான அந்தத் தேர்வில் தேறியவர்கள் 49 விழுக்காடு. முதலாண்டைப் பெரும்பாலும் திரையில் படித்து, தேர்வில்லாமல் இரண்டாம் ஆண்டுக்கு ஏற்றப்பட்டு, பிறகு அக்டோபரில் பழைய பாடத்தை எழுதவைக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். மாணவர் தற்கொலைகளும் போராட்டங்களும் தொடர, டிசம்பர் 24 அன்று தவறியவர்கள் எல்லாருக்கும் 35 மதிப்பெண் அளித்து அரசு தேர்ச்சி அறிவித்தது. அந்த அணிதான் 2022இல் தெலங்கானாவின் இணையவழிச் சேர்க்கை முறையான டோஸ்ட் மூலம் பட்ட வகுப்புகளுக்குள் நுழைந்தது; மூன்றாண்டுப் படிப்பை முடிக்க 2025 ஆகிவிட்டது. பெருந்தொற்றின் தாக்கத்தை அளக்க விரும்புவோர் அதுவரை வர வேண்டும். தேர்ச்சி விகிதம் இங்கே அதிகம் உதவாது, ஏனென்றால் அதை அரசாணையே திருத்தியிருக்கிறது. யார் எந்தத் தேதியில் அறையைக் காலி செய்தார், யார் எப்போது திரும்பினார், யார் திரும்பவே இல்லை என்பதைச் சொல்லக்கூடியவை விடுதிகளின் வருகைப் பதிவேடுகளும் மெஸ் கணக்குகளும்தான். அரசு விடுதிகள், சாதிச் சங்க விடுதிகள், அமீர்பேட்டையின் தனியார் விடுதிகள் ஆகிய மூன்று வகையிலும் அவற்றைத் திரட்டி ஒப்பிடுவதே இந்த ஆய்வின் அடுத்த கட்டம்.