கிளாரினெட்டும் அதன் நாணல் நாக்கும்

எங்கள் பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்த மாணவன் ஒருவன், ஊதும்போதெல்லாம் கீச்சொலி எழுந்ததால் மனம் நொந்து விலக எண்ணினான். அவனுக்கு மூச்சு போதவில்லை என்றே நானும் கருதினேன். பயிற்றுநர் பார்த்த பின்னரே, நுனி சிதைந்த ஒரே ரீட்டை அவன் பல மாதங்களாகப் பயன்படுத்தியது தெரிந்தது. கருவியை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென இருந்த பெரியவர்களாகிய எங்களிடமே பிழை இருந்தது. அதன் பிறகுதான் இக்கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கிளாரினெட்டை உருவாக்கியவராகக் கருதப்படுபவர் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரக் கைவினைஞர் யோகான் கிறிஸ்டோப் டென்னர். காலம் ஏறத்தாழ 1700. சாலுமோ என்னும் குழலைத் திருத்தி அமைத்த அக்கருவிக்கு இரண்டே சாவிகள். 1812இல் இவான் முல்லர் 13 சாவிகள் கொண்ட கிளாரினெட்டைப் பாரிஸில் காட்டினார். துளைகளைக் காற்றுக் கசியாமல் மூட, சாவிகளின் அடியில் திணிப்பு வைத்த மெத்தைகளைப் பொருத்தியிருந்தார். இசைக் கல்லூரிக் குழு அதனை ஏற்கவில்லை, கலைஞர்கள் ஏற்றனர். 1839இல் குளோசே, புஃபே இருவரும் வளையச் சாவிகளுடன் அமைத்த முறையே, 'போம் முறை' என்னும் பெயரில் இன்று பரவலாக வழங்குகிறது.

சாவிகள் இவ்வாறு பெருகினும் ஒலி பிறக்கும் இடம் அன்றுபோல் இன்றும் ரீட்தான். நாகஸ்வரச் சீவாளி இரட்டை நாக்கு. இதுவோ ஒற்றை நாக்கு. தென் பிரான்சின் வார் வட்டாரத்துப் பெருநாணல் இதற்குப் பெயர்பெற்றது. செயற்கை ரீட்கள் வந்துவிட்ட போதிலும் நாணலின் இடம் போகவில்லை.

பெற்றோர் கவனத்திற்குச் சில செய்திகள். தொடக்க மாணவருக்கு நெகிழிக் கிளாரினெட்டே ஏற்றது. மரக்கருவி, ஈரமும் வெப்பமும் திடீரென மாறினால் வெடிக்கக்கூடும். ரீட்டின் தடிமன் எண் 2 அல்லது 2½ போதும். மூன்று நான்கு ரீட்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் நலம். ஊதும் முன் ரீட்டை நனைக்க வேண்டும். ஊதிய பின் கழற்றித் துடைத்து, தட்டையான உறையில் வைக்க வேண்டும். நம் நாட்டுப் புழுக்கத்தில் ஈர ரீட் விரைவில் பூஞ்சை பிடிக்கும். குழலினுள்ளும் மென்துணியை இழுத்து ஈரம் போக்குதல் அவசியம். ஒருவர் ரீட்டை மற்றவர் ஊதலாகாது.

புதிய ரீட்டுடன் அம்மாணவன் குழுவில் தொடர்ந்தான். ஒரு பிள்ளைக்குத் திறமில்லை என்று முடிவு செய்யுமுன், அவன் கையில் நாம் கொடுத்த கருவியை ஒருமுறை பார்ப்போமாக.