பெட்டிக்குள் ஒளிந்த நிரல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் பெருவழியின் இருமருங்கும் விரிந்து கிடப்பது கண்டாவளைப் பிரதேசம். முரசுமோட்டை, ஊரியான், புளியம்பொக்கணை, தர்மபுரம், கல்லாறு, பிரமந்தனாறு என ஊர்கள் பலவாயினும், ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே வயலும் நீரும் பனங்கூடலும் நீண்டு கிடக்கும். இரணைமடுவின் மிகைநீரைச் சுமந்து வரும் கனகராயன் ஆறு இப்பக்கமாகவே வடக்கு நோக்கிச் சென்று கடனீரேரியைச் சேர்கிறது. 2018ஆம் ஆண்டு மார்கழியில் வந்த பெருவெள்ளம் இந்த நிலத்தின் தன்மையை எல்லோர்க்கும் நினைவூட்டிற்று.

இத்தகைய நிலத்திலே வளவுக்கு வளவு கம்பி இழுத்துச் செல்வது செலவு மிக்க காரியம். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர் இவ்வழியே கடந்தபோது இங்குள்ளோர் இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் வீடுகளைப் புதிதாக எழுப்பத் தலைப்பட்ட காலத்தில், கைத்தொலைபேசிக் கோபுரம் கம்பியை முந்திக்கொண்டது. ஆதலால் இப்பகுதியில் இணையம் என்பது பெரும்பாலும் காற்றின் வழியே வந்து இறங்குவது. அவ்வாறு ஒரு வீட்டில் இறங்கியதை அடுத்த வளவுக்கும், அதற்கடுத்த வாசிகசாலைக்கும் கொண்டுசெல்ல இயலுமா? இயலும். ஆனால் அதற்கான வழி, கடையில் விற்கும் பெட்டியோடு எப்போதும் சேர்ந்து வருவதில்லை. பெட்டிக்குள் உறையும் நிரலை மாற்றித் தமக்கு வேண்டியதைச் செய்வித்துக்கொண்டோர் சிலர் உளர். அவர்களுடைய வரலாறே இங்குக் கூறப்படுவது.

திசைவி என்று நூலோரும் ரூட்டர் என்று மற்றெல்லோரும் வழங்கும் அந்தச் சிறு பெட்டி, உண்மையில் ஒரு கணினியே. அதற்குச் செயலி உண்டு, நினைவகம் உண்டு, அதனை இயக்கும் நிரல் ஒரு சில்லில் பதிக்கப்பட்டிருக்கும். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டதாக நிற்கும் இந்நிரலை நிலைபொருள் என்பர். பெட்டி யாருக்கு இணங்கும், எவருக்குக் கதவடைக்கும், அயலிலுள்ள பெட்டியோடு பேசுமா பேசாதா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது அதுவே. பெட்டியை விலைகொடுத்து வாங்கியவர் அதன் உடலுக்கு மாத்திரம் உரியவரா, உயிருக்கும் உரியவரா என்னும் வினா 2003ஆம் ஆண்டு வரை பெரிதாக எழவில்லை.

அவ்வினாவை எழுப்பிய பெட்டி நீலமும் கருமையும் கலந்த நிறத்தது. இரண்டு கொம்பு போன்ற வானலை வாங்கிகளைத் தாங்கியது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002ஆம் ஆண்டு மார்கழியில் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.ரி.54ஜி என்பது அதன் பெயர். அடுத்த ஆண்டில் அந்நிறுவனத்தைச் சிஸ்கோ என்னும் பெருநிறுவனம் ஏறத்தாழ 50 கோடி டொலர் பெறுமதியில் வாங்கிக்கொண்டது. வாங்கியவர்கள், தாம் வாங்கியதற்குள் என்ன இருக்கிறது என்பதை முழுதும் அறிந்திருந்தனரா என்பது ஐயத்துக்குரியது. ஏனெனில், 2003ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், அப்பெட்டியின் நிலைபொருளை ஆராய்ந்த நிரலாளர் ஒருவர், அதனுள்ளே லினக்ஸ் இயங்குவதைக் கண்டு பகிரங்கப்படுத்தினார்.

லினக்ஸ் என்பது பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இயங்குதளத்தின் கரு. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1989இல் வகுத்த பொதுமக்கள் உரிமத்தின் கீழ் அது 1992 முதல் வழங்கப்பட்டு வருகிறது. அவ்வுரிமம் காசு கேட்பதில்லை, வேறொன்றைக் கேட்கிறது. இந்நிரலை எடுத்து மாற்றிப் பிறருக்கு விற்பவர், மாற்றிய நிரலின் மூலத்தையும் வாங்கியவருக்குக் கொடுத்தல் வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. டபிள்யூ.ஆர்.ரி.54ஜி பெட்டியின் சில்லைச் செய்தது புரோட்கொம். நிலைபொருளை அமைத்தது தைவானிலுள்ள சைபர்டான். பெயரிட்டு விற்றது லிங்க்சிஸ். லிங்க்சிஸை வாங்கியது சிஸ்கோ. கை மாறி மாறி வந்த பொருளோடு கடமையும் கை மாறி வந்ததை இறுதியில் வாங்கியவர் உணர நாட்சென்றது. எனினும், எழுந்த கண்டனத்தின் பின் அவ்வாண்டிலேயே மூலநிரல் வெளியிடப்பட்டது. பிற பொருள்களிலும் இக்கடமை தவறியதாகக் கூறிக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008ஆம் ஆண்டு மார்கழியில் சிஸ்கோ மீது வழக்கிட்டதும், 2009 வைகாசியில் அது சமரசத்தில் முடிந்ததும் பிற்காலத்துச் செய்தி.

மூலநிரல் வெளிவந்ததன் விளைவு வியப்பானது. அப்பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், வலையைச் சோதிப்பதற்கென ஒரு சிறு கட்டம் இருந்தது. முகவரி எழுத வேண்டிய அவ்விடத்தில் கட்டளையை எழுதினால் பெட்டி அதனையும் நிறைவேற்றிவிடும் என்பதைச் சிலர் கண்டனர். வாயிற்கதவு பூட்டியிருக்க, சமையலறை யன்னல் திறந்திருந்தது போலாயிற்று. அதன் வழியே உள்ளே புகுந்து, தாமே கட்டிய நிலைபொருளைப் பதித்தனர். 2004ஆம் ஆண்டு தை மாதத்தில் ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி. என்னும் திட்டம் தோன்றியது. ஜேர்மனியிலிருந்து டி.டி.-டபிள்யூ.ஆர்.ரி. வந்தது, ரொமேற்றோ முதலிய வேறு சிலவும் வந்தன. நான்கு மெகாபைட் நிலைநினைவகத்தில் இத்தனையும் எவ்வாறு அடங்கின என்பது, கைப்பெட்டிக்குள் கலியாணச் சீர்வரிசை முழுவதையும் அடுக்கும் வித்தைக்கு ஒப்பானது.

ஒரு கருவி பிறந்த நோக்கத்தை விட்டு வேறொன்றுக்கு உழைக்க வைக்கப்படுவது இலங்கை வானொலி நேயர்க்குப் புதிய செய்தியன்று. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர் 1923இல் கொழும்பில் முதற் சோதனை ஒலிபரப்பை நடத்தியபோது, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டே தம் ஒலிபரப்பியை அமைத்தார். கடலில் போர்ச்செய்தி அனுப்பிய கருவி, கரையில் இசை ஒலிபரப்பிற்று. 1925ஆம் ஆண்டு மார்கழியில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது.

புதிய நிலைபொருள் கொண்ட பெட்டிகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகும் கதைக்கு இனி வருதல் தகும். மீன் பிடிப்போர் வலையிலே கண்ணி ஒன்று அறுந்தாலும் வலை கையை விட்டுப் போவதில்லை. சுற்றியுள்ள கண்ணிகள் பாரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. இப்பெட்டிகளின் அமைப்பும் அத்தகையதாதலின் கண்ணிவலை என்பது பொருந்தும் பெயர். இதனைப் பெருமளவில் முயன்ற இடங்களுள் பேர்லின் நகரம் முதன்மையானது. அங்கு 2002இல் தோன்றிய பிறைஃபுங்க் என்னும் மக்கள் இயக்கத்துக்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. ஜேர்மனி ஒன்றானபின் கிழக்குப் பகுதிகளிற் பழைய தொலைபேசிக் கம்பிகளை அகற்றிப் புத்தம்புதிய ஒளியிழைகளைப் பதித்தனர். பின்னர் செப்புக் கம்பி வழியே விரைவு இணையம் வந்தபோது, பழைய கம்பி இருந்த இடங்களுக்கு அது கிட்டிற்று. புதிய இழை பெற்ற வீடுகளுக்குக் கிட்டவில்லை. புதுமையால் பின்தங்கிய அவ்வீட்டார் கூரைக்குக் கூரை பெட்டிகளை ஏற்றித் தம் வலையைத் தாமே பின்னினர்.

அவர்கள் முதலில் கையாண்ட முறையில் ஒவ்வொரு பெட்டியும் முழு வலையின் வரைபடத்தையும் தன்னுள் கணித்து வைத்திருக்க வேண்டும். கூரைகள் நூற்றுக்கணக்கானபோது அச்சுமையை அச்சிறு செயலிகள் தாங்கவில்லை. ஆகவே 2006இல் பற்மன் என்னும் புதுமுறையைத் தொடங்கினர். அதன் கருத்து எளிது. ஒவ்வொரு பெட்டியும் சிறிது நேரத்துக்கொருமுறை, தான் உயிரோடிருப்பதாகக் குரல் கொடுக்கும். கேட்ட அயற்பெட்டி அக்குரலை அப்பால் எடுத்துச் சொல்லும். தொலைவிலுள்ளவனின் குரல் எந்த அயலானின் வாயிலாக அதிகம் வந்து சேர்கிறதோ, அவனிடமே அத்தொலைவானுக்குரிய செய்தியைக் கொடுத்துவிட்டால் போதும். முழுப் பாதையையும் அறிந்திருக்கத் தேவையில்லை. வழி தெரியாத ஊரில் சந்திக்குச் சந்தி கேட்டுக் கேட்டே வீடு சேரும் விருந்தாளியின் முறைதான் இது. 2011 முதல் இம்முறை லினக்ஸ் கருவினுள்ளேயே இடம்பெற்றுள்ளது.

இந்தியாவில் இமயமலைச் சாரலிலுள்ள தர்மசாலையிலும் இத்தகைய வலை ஒன்று அமைந்தது. 2005ஆம் ஆண்டு தை மாத முடிவில் இந்திய அரசு 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களில் உரிமமின்றிப் பயன்படுத்த இசைவளித்தது. அடுத்த மாதமே அங்கு வலை இயங்கத் தொடங்கியது. மேலே சொன்ன அதே டபிள்யூ.ஆர்.ரி.54ஜி பெட்டிகளுக்கு மாற்று நிலைபொருளைப் பதித்து, மலைச்சரிவுகளில் நிறுவினர். முப்பதுக்கு மேற்பட்ட கணுக்களும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கணினிகளும் கொண்டதாக அது வளர்ந்தது. இலங்கையிலே அனுராதபுரத்துக்கு மேற்கே வில்பத்துக் காட்டோரத்திலுள்ள மகாவிலாச்சியக் கிராமத்தில் 2006இல் கம்பியற்ற கண்ணிவலை அமைக்கப்பட்டது. வன்னிக்கு அயலான, அதனைப் போலவே குளத்தையும் வயலையும் நம்பிய ஊர் அது.

இவ்வலைகளின் குறையையும் மறைத்தல் ஆகாது. ஒரே வானலைக் கருவியால் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருக்கும் பெட்டியில், செய்தி ஒவ்வொரு தாவலிலும் ஏறக்குறைய பாதி வேகத்தை இழக்கும். மூன்று நான்கு வளவுகளைக் கடந்தபின் எஞ்சுவது சிறிதே. பசிய இலையின் நீர் இவ்வலைகளை உறிஞ்சுவதால், மாரிகாலத்து மரச்செறிவு மதிலாகிவிடும். கண்டாவளை போன்ற வயல்வெளியில் பார்வைக்குத் தடையின்மை பெரும் பேறு. ஆயினும் பனங்கூடலுக்கு மேலே தலை நீட்டும் கம்பம் வேண்டும், அதன்மேல் இடி விழாது காக்க வேண்டும், மின்சாரம் நின்றால் மின்கலம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலை எத்தனை கண்ணி கொண்டதாயினும், வெளியுலகோடு இணைக்கும் வாயில் ஒன்றேயானால் அவ்வாயிலின் அளவே எல்லோர்க்கும் அளவு.

நிலைபொருளை மாற்றும் செயலிலும் ஆபத்து உண்டு. பதிக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தாலோ, வேறு வகைப் பெட்டிக்குரியதைத் தவறிப் பதித்தாலோ, பெட்டி விழிக்காது போகும். அதனைச் செங்கல்லாயிற்று என்பர் இத்துறையினர். சுவர் கட்டவும் உதவாத செங்கல் அது. மாற்றாமலிருப்பதும் ஆபத்தற்றதன்று. விற்றவர் சில ஆண்டுகளில் திருத்தங்கள் வழங்குவதை நிறுத்திவிடுவர். பெட்டியோ பல ஆண்டு உழைக்கும். 2018ஆம் ஆண்டு வைகாசியில் வெளிப்பட்ட வி.பி.என்.பில்ற்றர் என்னும் தீநிரல், 54 நாடுகளில் ஐந்து இலட்சம் பெட்டிகளையேனும் பற்றியிருந்தது.

அரசுகளும் ஒரு பக்கம் அஞ்சின. பெட்டியின் வானலை வலிமையை நிலைபொருளே ஆள்வதால், அதனை மாற்றுவோர் விமான நிலையங்களின் வானிலை ராடர்களுக்கு இடையூறு செய்யக்கூடும். இது வெறுங் கற்பனையன்று. அத்தகைய இடையூறுகள் நிகழ்ந்துள்ளன. 2015இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, மாற்று நிலைபொருளைப் பெட்டிகள் எவ்வாறு தடுக்கின்றன என்று உற்பத்தியாளரைக் கேட்டது. இணையத்தின் தந்தையருள் ஒருவரான வின்ரன் சேர்ஃப் உள்ளிட்ட 260 வரையான அறிஞர்கள், தடுப்பதற்கு மாறாக மூலநிரலைத் திறந்து வைக்குமாறு எழுதினர். அவ்வாண்டே ஆணைக்குழு தன் கருத்தைத் தெளிவாக்கி, வானலை எல்லைகளைக் காப்பதே நோக்கம், மாற்று நிலைபொருளை முற்றாகத் தடுப்பதன்று என்றது. 2016 ஆவணியில் ரி.பி.-லிங்க் நிறுவனத்தோடு செய்த உடன்பாட்டில், இரண்டு இலட்சம் டொலர் தண்டத்தோடு, மாற்று நிலைபொருளுக்கு இடமளிக்க முயல வேண்டும் என்பதும் நிபந்தனையாயிற்று. இத்தீர்ப்பு நியாயமானது. வானம் பொதுவுடைமை, அதனைக் காப்பதற்காகப் பெட்டியின் உரியவரையே வெளியே நிறுத்துதல் தகாது.

இன்று கடைகளில் இரண்டும் மூன்றுமாகக் கட்டி விற்கப்படும் வீட்டுக் கண்ணிவலைப் பெட்டிகள், பேர்லின் கூரைகளில் முயன்ற கருத்தின் வழித்தோன்றல்களே. அவற்றுட் பல தம் நிறுவனத்துப் பெட்டிகளோடு மாத்திரமே உறவு கொள்ளும். சில, நிறுவனத்தின் தொலைதூரக் கணினி உத்தரவு தந்தாலன்றித் தொடங்கவே மாட்டா. ஆயினும் ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி. ஏற்கும் வகைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. 2011இல் வகுக்கப்பட்ட 802.11எஸ் என்னும் பொதுமுறையால் வெவ்வேறு நிறுவனத்துப் பெட்டிகளையும் அதிலே ஒரே வலையாக்கலாம். 2024ஆம் ஆண்டு இறுதியில் அத்திட்டத்தினர் தமக்கென ஒரு பெட்டியையே வெளியிட்டனர். செங்கல்லாகிவிட்டாலும் மீட்டெடுப்பதற்கென இரண்டாவது நினைவகச் சில்லு அதிலே வைக்கப்பட்டுள்ளது.

முதற்பெட்டியான டபிள்யூ.ஆர்.ரி.54ஜியின் கதி வேறு. 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து லினக்ஸை அகற்றினர். வாங்குவோர் முணுமுணுக்கவே, பழைய அமைப்பை 54ஜிஎல் என்னும் பெயரில் தனியாக விற்றனர். அதன் 16 மெகாபைட் நினைவகம் இன்றைய ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி.க்குப் போதாது; குறைந்தது 64 வேண்டும். அதிலிருந்து பிறந்த நிரல் அதன் பெயரின் மூன்றெழுத்தை இன்றும் சுமந்து நிற்கிறது. ஆயினும் அந்தப் பெட்டிக்குள் மீண்டும் புக அதனால் இயலாது.