நெடுந்தீவுக் குதிரைகளும் தேவாலயப் பள்ளிகளும்

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குக் கால்நடை என்றதும் நினைவுக்கு வருவது காங்கேயம் காளை. குதிரை என்றதும் நினைவுக்கு வருவது ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தை. சென்னிமலையில் நான் சரித்திர பாடம் நடத்திய ஆண்டுகளில் மாணவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, காளையை இவ்வளவு சிறப்பாக வளர்த்த நம் மக்கள், குதிரையை மட்டும் ஏன் கடல் கடந்து விலைக்கு வாங்கினார்கள்?" என்பார்கள். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடிச் செல்பவர்கள் பாக் நீரிணையில் உள்ள ஒரு சிறு தீவை அவசியம் பார்க்கவேண்டும்.

முதலில் பழைய சாட்சியம் ஒன்றைக் கேட்போம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து யாத்திரீகர் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கே வந்து இறங்கின என்றும், அரசனுடைய செல்வத்தில் பெரும்பகுதி அவற்றுக்கே செலவாயிற்று என்றும் அவர் எழுதிவைத்தார். வந்த குதிரைகளோ ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் மாண்டன. அவற்றைப் பேணும் முறை இங்குள்ளவர்களுக்குத் தெரியவில்லை. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தார்கள். குதிரை வைத்தியர் ஒருவரும் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள். குதிரைகள் சாகச்சாக வணிகம் பெருகும் அல்லவா? உயர்ந்த ஜாதிக் குதிரைக்கும் இம்மண்ணில் கால் கோணிய குட்டியே பிறக்கும் என்று அவர் சொல்லி முடிக்கிறார்.

இது ஒரு பிரயாணியின் கூற்று. இதைத் தீர்ந்த முடிவாகக் கொள்ளலாமா? இவ்விடத்தில்தான் நெடுந்தீவு நமக்குச் சாட்சி சொல்ல வருகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய தட்டையான தீவு அது. நிலமெல்லாம் பவளப்பாறைச் சுண்ணாம்புக்கல். அதன்மேல் மெல்லிய மண்போர்வை. வீட்டு வேலிகளைக்கூட அத்தீவு மக்கள் பவளக்கற்களை அடுக்கியே அமைக்கிறார்கள். பனைமரமும் புல்வெளியும் உண்டு, ஆறு கிடையாது. கோடையில் கிணறும் குளமுமே கதி.

1619இல் யாழ்ப்பாண ராஜ்யம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் இத்தீவை மாடுகளின் தீவு என்று தம் மொழியில் அழைத்தனர். குதிரைகளைக் கொண்டுவந்து விட்டவர்களும் அவர்களே. 1658இல் டச்சுக்காரர், அதாவது யாழ்ப்பாண வழக்கில் ஒல்லாந்தர், அவர்களை வென்று தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று.

ஒல்லாந்தரோடு வந்த சீர்திருத்தச் சபைப் போதகர் பிலிப்பஸ் பல்டேயஸ். 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்து, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். தமிழ் எழுத்துகளையும் அந்நூலில் காட்டியிருக்கிறார். நெடுந்தீவைப் பற்றி எழுதும்போது தேவாலயம், குதிரை ஆகிய இரண்டையுமே அவர் குறிப்பிடுகிறார். போர்த்துக்கேயர் விட்ட குதிரைகள் பெருகிக் காட்டுக்குதிரைகளாகத் திரிந்தன. உருவத்தில் சிறியவை, ஆனால் கல்நிலத்தில் நடக்க வல்ல உறுதியான கால்கள் உடையவை. கால் கோணிய குட்டி என்று மார்க்கோ போலோ சொன்னதற்கு நேர்மாறான செய்தி இது!

அக்குதிரைகளைப் பிடிக்கும் நாள் எத்தகைய பரபரப்பான நாளாக இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மந்தையைச் சுற்றி வளைத்து விரட்டவேண்டும்; நீர்நிலைக்குள் இறக்கவேண்டும்; நீரில் வேகம் குறைந்த குதிரையைச் சுருக்கிட்டுப் பிடிக்கவேண்டும்; பிறகு பழகிய குதிரையோடு பிணைத்துக் கட்டி மெல்ல மெல்ல வசப்படுத்தவேண்டும். ஒருவர் இருவரால் ஆகக்கூடிய காரியமன்று. பிற்காலத்தில் ஒல்லாந்தர் இரணைதீவிலும் குதிரை வளர்த்தனர். 1697இல் யாழ்ப்பாணத் தளபதி ஸ்வார்டக்ரோன், தாம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாண நிர்வாகக் குழுவுக்கு வழிகாட்ட எழுதிவைத்த குறிப்பில் இக்குதிரை வளர்ப்பும் இடம்பெற்றது. கம்பெனிக்கு அது ஒரு வரவு இனம்.

வாரநாளில் குதிரையை எண்ணிய அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமையில் மனிதர்களை எண்ணியது. போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கத் தேவாலயங்களை ஒல்லாந்தர் தம் சபைக்கு மாற்றிக்கொண்டனர். கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தனர். தேவாலயமே பள்ளிக்கூடமும் ஆயிற்று. போதகர்கள் மிகச் சிலர், சபைகளோ பல. ஆகவே ஊரில் எல்லாம் உபாத்தியாயரே. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் ஞானோபதேசமும் கற்பிப்பவர் அவர். போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கத்தை வாசிப்பவர் அவர். ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைத் தோம்பு என்னும் பதிவேட்டில் எழுதுபவரும் அவரே. பள்ளிக்கு வராத பிள்ளையின் பெற்றோருக்கு அபராதம் உண்டு. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குச் சட்டத்தின்முன் சங்கடங்கள் நேரும்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். ஆண்டுக்கணக்காக வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவன். அந்த உபாத்தியாயர்களின் உழைப்பை என்னால் குறைத்து மதிப்பிட இயலாது. தீவுப் பிள்ளைகள் எழுத்தறிந்தது அவர்களால் என்பதை மறுக்க முடியாது. ஆயினும், பதிவேட்டின் பலத்தால் மட்டும் ஒரு நம்பிக்கை நிலைத்ததா என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு காட்சி. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் என்ற கத்தோலிக்கக் குரு, ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் ஜெபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டு மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். தமிழ் கற்றார், இரவில் பூசை நிகழ்த்தினார். அவரிடம் அதிகாரம் இல்லை, பதிவேடு இல்லை, அபராதம் இல்லை. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், ஒல்லாந்தர் ஏட்டில் பெயர் எழுதப்பட்டிருந்தவர்கள் பெருந்தொகையாகச் சைவத்துக்கோ கத்தோலிக்கத்துக்கோ திரும்பினார்கள். மறைவில் காக்கப்பட்ட கத்தோலிக்கச் சமூகம் இன்றுவரை நிலைத்திருக்கிறது. வாஸ் அடிகளார் 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

குதிரையின் கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கதே. ஆங்கிலேயர் ஆட்சியில் 1811 முதல் 1824 வரை லெப்டினன்ட் நோலன் என்ற அயர்லாந்துக்காரர் நெடுந்தீவை நிர்வகித்து, குதிரை வளர்ப்பில் ஈடுபட்டார். அவருக்குப் பின் அம்முயற்சி தளர்ந்தது. பவளக்கல் தூண்கள் நிற்கும் குதிரை லாயத்தின் இடிபாடுகளை இன்றும் காணலாம். ஆனால் லாயம் இடிந்த பின்னும் குதிரை அழியவில்லை! கல்நிலத்துக்கும் காய்ந்த புல்லுக்கும் உப்புக்காற்றுக்கும் பழகிய வழித்தோன்றல்கள் இன்றும் சில நூறு உலவுகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. எனினும் கடுங்கோடையில் நீரின்றி அவை மடிவதுண்டு. உரிமையாளர் இல்லாத உயிருக்குத் தண்ணீர் வைப்பது யார் கடமை என்பது இன்னும் தீர்ந்த கேள்வியன்று.

இனி மாணவர்களின் கேள்விக்கு வருவோம். தமிழ் மண்ணில் குதிரை பிழைக்காது என்பது உண்மையன்று. மண்ணோடு பழக அதற்குக் காலம் தரவேண்டும். அதன் உணவையும் நோயையும் அறிந்தவர்கள் வேண்டும். அரசர்களுக்குப் போர்க்குதிரை உடனே தேவைப்பட்டது, ஆகவே வாங்கினார்கள். காங்கேயம் காளைக்கோ இங்கே உழவர்களின் பொறுமை கிடைத்தது. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரத்தின் நிழல், பழையகோட்டைப் பட்டக்காரர் போன்றோர் தேர்ந்தெடுத்து வளர்த்த பொலிகாளைகள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அவ்வினம் உருவாயிற்று.

அடுத்த ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குச் செல்லும் மாணவர்கள் குதிரையின் அலங்காரத்தை மட்டும் பார்த்துத் திரும்பவேண்டாம். அது எந்த நாட்டு இனம், எதைத் தின்கிறது, அதன் குளம்பு எப்படி இருக்கிறது, குட்டி எங்கே பிறந்தது என்று வளர்ப்பவரிடமே கேளுங்கள். கேட்டதை வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவையுங்கள்.