பொய்கை சந்தையிலிருந்து எங்க ஊர் வரைக்கும்

எங்க ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துல மாடு வாங்கணும்னா ரொம்ப பேரு போறது பொய்கை சந்தைக்குத்தான். வேலூர் தாண்டி, பெங்களூர் ரோட்டு ஓரத்துல செவ்வாய்க்கிழமை தோறும் கூடுது. ஆந்திரா, கர்நாடகா மாடுங்களும் அங்க வரும். எங்களுக்கு 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அந்தத் தூரத்தை மாட்டோட நடந்து வந்த பெரியவங்க இப்ப ஊர்ல ஒண்ணு ரெண்டு பேர்தான் இருக்காங்க. அதான் எழுதி வெக்கிறேன்.

தாத்தா காலத்துல வாங்கினது காளைங்க. ஏர் உழவும் வண்டி இழுக்கவும் அதுதான். தரகர் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவார். பல்லைப் பார்த்து வயசு, சுழியைப் பார்த்து ராசி. விலை முடிஞ்சா வித்தவர் பழைய கயிறைத் தரமாட்டார், வாங்கினவர் புதுக்கயிறு கொண்டு போகணும். லாடம் அடிச்சு ஓட்டினா வீடு வந்து சேர நாலு நாள். விடியக்காலையும் ராத்திரியும் நடை, வெயில் ஏறினா தோப்புல ஓய்வு. தண்ணிக்குக் காவேரிப்பாக்கம் ஏரி, தாமல் ஏரி. ராத்தங்க பாலுசெட்டிசத்திரம், சுங்குவார்சத்திரம். பேரே சொல்லுது பாருங்க, வழிப்போக்கருக்காகக் கட்டின சத்திரங்கள். ரெண்டுக்கும் நடுவுல சுமாரா ஒரு நாள் நடைதான்.

அந்த நடையே மாட்டுக்கு ஒரு பரீட்சை. எந்தக் கால் நொண்டுது, எது மிரளுது, எது படுத்துக்குதுன்னு வீடு வர்றதுக்குள்ள தெரிஞ்சிடும். "நாலு நாள் கூட நடந்தாத்தான் மாடு நம்மளது"ன்னு தாத்தா சொல்வார்.

அப்புறம் டிராக்டர் வந்துச்சு, காளைங்க கொறைஞ்சுது. 1970-ல வெண்மைப் புரட்சித் திட்டம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பால் சங்கமும் ஜெர்சிக் கலப்பு மாடும் ஊர் ஊரா வந்துச்சு. 2011-ல அரசாங்கமே விலையில்லாக் கறவை மாடு கொடுத்துச்சு, வருஷத்துக்கு 12,000 மாடுன்னு திட்டம். மடி கனத்த மாட்டை நாலு நாள் நடத்த முடியாது, பால் வத்திடும். அதனால கறவை மாடு வந்தப்பவே வண்டியும் தேவையாச்சு. முதல்ல லாரி. 2005-ல டாடா ஏஸ் வந்த பிறகு சந்தை வாசல்ல குட்டியானைங்க வரிசைதான்.

வண்டிக்குச் சட்டமும் இருக்கு. 1978-ம் வருஷ விதிப்படி ஒரு லாரியில 6 மாட்டுக்கு மேல ஏத்தக்கூடாது. கால் வழுக்காம இருக்கத் தென்னைநார் விரிப்போ பலகையோ வேணும். கூடவே ஒரு ஆள் போகணும், வேற சரக்கு ஏத்தக்கூடாது. மாடு என்ஜின் பக்கம் பார்த்து நின்னா மிரளாது. கால்நடை மருத்துவர் சான்றும் வேணும். நடத்திக் கொண்டு வர்றதுக்கு 2001-ல தனி விதி வந்துச்சு: பசுவுக்கு ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர்தான், பொழுது சாஞ்சா நடத்தக்கூடாது. தாத்தா ராத்திரியில நடந்த நடை இன்னைக்குச் சட்டப்படி தப்பு!

போன மாசம் நான் ரெண்டாம் ஈத்துப் பசுவைக் கன்னோட கொண்டு வந்தது மூணரை மணி நேரத்துல. ரெண்டு டோல்கேட். முன்னாடியும் பின்னாடியும் கார் ஏத்துற டிரெய்லருங்க. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998-லயும், ஒரகடத்துல ரெனோ நிசான் 2010-லயும் உற்பத்தி ஆரம்பிச்சுது. வேலை வந்துச்சு, எங்க வீட்டுப் பையனும் கம்பெனி பஸ்லதான் போறான், அதைக் குறை சொல்லல. ஆனா மாட்டை இறக்கினதும் மேய விட இடம் எங்க?

கால்ல நடக்கறதாலதான் கால்நடைன்னு பேரு. இப்ப வாங்குற இடத்துலயும் நடக்கறதில்ல, வந்த இடத்துலயும் நடக்கறதில்ல. எங்க பசு கொட்டாயிலயே நிக்குது. 20 சென்ட்ல கோ-4 புல் போட்டிருக்கேன், மீதிக்கு வைக்கோல் கட்டு காசுக்கு. பால் காசுல பாதி தீவனத்துக்கே போயிடுது. இப்படியே போனா சின்ன விவசாயி மாடு வெச்சுக்கறதையே விட்டுடுவான்.

எங்க ஊர் மந்தைவெளியில கொஞ்ச இடம் இன்னும் மிச்சம் இருக்கு. அதை அளந்து கல்லு நட்டு, மாட்டுக்குன்னு எழுதி வெக்கணும்னு அக்டோபர் 2 கிராமசபையில கேட்கப் போறோம். உங்க ஊர்லயும் மேய்க்கால் எவ்வளவு இருக்குன்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட கணக்கைக் கேட்டுப் பாருங்க.